தலையெழுத்தா? தசையெழுத்தா?

விடியற்காலை. ஆவடி இரயில் நிலையத்து மேம்பாலத்தில் மக்கள் ஏறுகின்றனர்; இறங்குகின்றனர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு விரையும் கடைசல் தொழிலாளி, படைத்துறைத் தொழிற்சாலைக்குச் செல்லும் பணியாளர், பூவிருந்தவல்லிப் பக்கமிருந்து பேருந்தில் வந்திறங்கிக் கல்லூரிக்குப் போகும் மாணவி — எவருக்கும் தாம் படியேறுகிறோம் என்ற எண்ணமே இல்லை. கால் ஏறுகிறது, கருத்தோ அன்றைய கூலியில், அன்றைய பாடத்தில், அன்றைய கவலையில் இருக்கிறது.

அந்தப் படிக்கட்டின் அடியிலே ஒரு சிறுவன் தரையில் அமர்ந்திருப்பதாக எண்ணிப் பார்ப்போம். வயது ஆறு. கெண்டைக்கால் மல்யுத்த வீரனுடையது போலத் திரண்டிருக்கிறது. எனினும் அவனால் எழ முடியவில்லை. குப்புறத் திரும்புகிறான், கைகளைத் தரையில் ஊன்றுகிறான், முழங்காலைப் பிடிக்கிறான், பிறகு தொடையைப் பிடிக்கிறான், தன் உடல்மீது தானே ஏறுவது போலக் கையால் தன்னை உயர்த்திக்கொண்டு நிற்கிறான். நின்றவன் முதல் படியைப் பார்க்கிறான். பிறகு தாயைப் பார்க்கிறான். தாய் குனிந்து அவனைத் தூக்கிக்கொள்கிறாள்.

சுற்றி நிற்போர் சும்மா இருப்பதில்லை. "தலையெழுத்து!" என்கிறார் ஒருவர். "போன பிறவியில் செய்த வினை!" என்கிறார் மற்றொருவர். "எங்கள் பரம்பரையில் இப்படி ஒரு பிள்ளை பிறந்ததே இல்லை, எல்லாம் இவள் கொண்டுவந்தது!" என்கிறார் மாமியார். சோதிடர் தோஷம் என்கிறார்; பரிகாரப் பட்டியல் தருகிறார். விசாரணை இல்லை, சாட்சி இல்லை, ஆனால் தீர்ப்பு மட்டும் தயார்! குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டிருப்பவள் தாய்.

நாம் அந்தத் தீர்ப்பை ஏற்பதற்கில்லை. வழக்கை மீண்டும் எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு சாட்சி சொல்லக் காத்திருக்கிறது. அதில் ஒரு சாட்சி நம் சென்னையில் படித்தவர்.

முதற் சாட்சிகள் மருத்துவர்கள். 1836-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு நேப்பிள்சில், ஒரே குடும்பத்துச் சகோதரர் இருவரின் தசை வீங்கி வலுவிழந்ததைக் கான்டே என்பவர் பதிவு செய்தார். 1851-இல் இலண்டனில் எட்வர்டு மெரியன் என்ற மருத்துவர், இதே நோயால் துன்புற்ற சிறுவர்களைப் பற்றிக் கற்றோர் அவையில் ஒரு கட்டுரை படித்தார். இறந்துபோன சிறுவனின் தசையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர் அவர். நரம்பிலே பழுதில்லை, தண்டுவடத்திலே பழுதில்லை, தசையிழையைச் சுற்றியுள்ள மெல்லிய உறை கிழிந்து கிடக்கிறது என்று கண்டார். நோய் ஆண்பிள்ளைகளையே தாக்குவதையும், தாய்வழியே தொடர்வதையும் அவர் கவனித்தார். பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1868-இல் இந்நோயை விரிவாக விளக்கினார். உயிருள்ள நோயாளியின் தசையிலிருந்து சிறு துண்டு எடுக்கத் தனிக் கருவியே செய்தார். அவர் பெயராலேயே இந்நோய் இன்று துஷேன் தசைச்சிதைவு எனப்படுகிறது. 1879-இல் இலண்டனைச் சேர்ந்த கோவர்ஸ், சிறுவன் தன் தொடைமீது கையூன்றி எழும் அந்த முறையைத் துல்லியமாகத் தீட்டிக் காட்டினார். நமது மேம்பாலத்தடிச் சிறுவன் எழுந்ததும் அதே முறையில்தான். இலண்டன் சிறுவனுக்கும் ஆவடிச் சிறுவனுக்கும் ஒரே சோதிடரா தோஷம் கணித்தார்? இல்லை. ஒரே பழுது, ஆகவே ஒரே அடையாளம்.

உறை கிழிகிறது என்று கண்டாயிற்று. ஏன் கிழிகிறது? கிழிந்தால் தசை ஏன் சாகிறது? இதற்கு விடை காண, நலமான தசை எப்படி இயங்குகிறது என்பதை முதலில் அறிய வேண்டியிருந்தது. அந்தக் கதை வேறொரு முனையில், மூச்சுக் காற்றிலே தொடங்குகிறது.

பிரெஞ்சுப் புரட்சி வெடித்த 1789-ஆம் ஆண்டையொட்டி, பாரிசில் லவாசியேயும் அவர் துணைவர் செகெனும் ஓர் ஆய்வு நடத்தினர். செகென் முகமூடி அணிந்து அமர்ந்து, காலால் மிதியை அழுத்தி வேலை செய்தார். ஓய்ந்திருக்கும்போது உட்கொண்ட உயிர்வளி எவ்வளவு, உழைக்கும்போது எவ்வளவு என்று அளந்தனர். ஆக்சிஜன் என்று பெயரிடப்பட்ட அந்த உயிர்வளி, உழைப்பவன் உடலில் மிகுதியாகச் செலவாகிறது என்று தெரிந்தது. அந்த அறிவியல் கட்டுரையிலேயே லவாசியே ஒரு கேள்வியும் எழுப்பினார்: கையால் உழைத்து வாழும் ஏழையின் உடல் மிகுதியாகச் செலவழிக்கிறது, அதை ஈடுகட்டும் உணவோ சோம்பியிருக்கும் செல்வனிடம் குவிந்திருக்கிறது, இது என்ன முறை? ஆய்வுக்கூடத்து அளவுகோல், சமுதாயத்தையும் அளந்து பார்த்த அரிய வேளை அது!

இன்று நாம் அறிந்த கணக்கு இது: உடல் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு தசை. ஓய்வில் உடல் செலவழிக்கும் உயிர்வளியில் ஐந்தில் ஒரு பங்கு அளவே அது கேட்கும். கடும் உழைப்பிலோ பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் தானே எடுத்துக்கொள்ளும். சம்மட்டி அடிப்பவன் மூச்சு வாங்குவது இதனால்தான்.

ஆனால் உயிர்வளி எப்படி வலிமையாக மாறுகிறது? இங்கிலாந்தின் ஹில், ஜெர்மனியின் மேயர்ஹாஃப் என்ற இரு பேரறிஞர்கள், தசையில் லாக்டிக் அமிலம் உண்டாவதே சுருக்கத்துக்குக் காரணம் என்று விளக்கினர். தசை பற்றிய ஆய்வுகளுக்காக 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவர்களுக்கு அளிக்கப்பட்டது. உலகம் ஒப்புக்கொண்டது. பாடநூல்கள் ஏற்றுக்கொண்டன. இனி யார் மறுப்பது?

அந்தக் காலத்தையொட்டி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு சென்னை மாணவர் வந்து இறங்கினார். பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அன்றைய சென்னை மாகாணத்தில், கோதாவரிப் பகுதியைச் சேர்ந்த பீமவரத்தில் 1895-இல் பிறந்தவர். பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தேறியவர். மாநிலக் கல்லூரியில் பயின்றார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரி. சகோதரர் இருவரை எட்டே நாள் இடைவெளியில் கொடிய குடல்நோய்க்குப் பலிகொடுத்த குடும்பம் அது. அறுவைக் கூடத்திலும் அவர் கதராடை உடுத்தினார். அது பேராசிரியர் கண்ணை உறுத்திற்று. முழுப் பட்டமான எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. பாஸ்டனில் மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணியாளராக நோயாளிகளின் கழிகலம் சுமந்து கழுவி, அந்தக் கூலியில் படித்தார்.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கே என்ற ஆசிரியரிடம் அவர் சேர்ந்தார். உடற்பொருளில் பாஸ்பரஸ் எவ்வளவு என்று நீலநிறத்தின் அடர்த்தி கொண்டு அளக்கும் முறையை 1925-இல் இருவரும் வெளியிட்டனர். உயிர்வேதியியல் மாணவர் பலர் இன்றும் அறிந்த முறை அது. அந்த முறையால் தசைச் சாற்றை அளந்தபோது ஒரு விந்தை: நீலநிறம் வரவேண்டிய நேரத்தில் முழுவதும் வரவில்லை, மெல்ல மெல்ல வந்தது. வேறொருவராயிருந்தால் கைப்பிழை என்று கொட்டிவிட்டிருப்பர். இவர்கள் கொட்டவில்லை; காரணம் தேடினர். எளிதில் உடையும் ஒரு பொருள் தசையில் ஒளிந்திருப்பதை 1927-இல் அறிவித்தனர். அதுவே பாஸ்போகிரியேட்டின். இங்கிலாந்தில் எக்கிள்டன் இணையரும் அதே ஆண்டில் தனியே அதைக் கண்டனர். 1929-இல் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் தசையிலிருந்து மற்றொரு பொருளைப் பிரித்தனர். ஜெர்மனியில் லோமான் என்பவரும் அவ்வாண்டே கண்டார். ஏ.டி.பி. என்று இன்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும் பொருள் அது. உயிரணுவின் கைச்செலவுக் காசு அது. பாஸ்போகிரியேட்டின், காசு தீர்ந்தவுடன் உதவும் சேமிப்பு. உயிர்வளி, அந்தக் காசை ஓயாது அச்சிடும் உலைக்கு உயிர்!

1930-இல் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்டு, லாக்டிக் அமிலமே உண்டாகாதபடி செய்த தசையும் சுருங்குவதைக் காட்டினார். நோபல் பெற்ற விளக்கம் சரிந்தது! நோபல் பெற்ற ஹில் என்ன செய்தார்? சினந்தாரா? சாபமிட்டாரா? மறுத்தவனை ஊரைவிட்டு ஒதுக்கினாரா? தசையியலில் புரட்சி நேர்ந்துவிட்டது என்று 1932-இல் தாமே கட்டுரை எழுதித் தம் விளக்கத்தின் வீழ்ச்சியை உலகுக்குச் சொன்னார். தவறு செய்யாதது அன்று அறிவியல். தவறை ஒப்புக்கொள்வது அறிவியல். பரிகாரம் பலிக்காத சோதிடர் எவரேனும் இப்படி ஒரு கட்டுரை எழுதியதுண்டா?

சுப்பாராவ் 1948-இல் மறைந்தார். ஃபோலிக் அமிலம் செய்முறையிலும், யானைக்கால் நோய்க்கான மருந்திலும் அவர் தலைமையில் நடந்த ஆய்வுகளின் பங்கு பெரிது. ஆனால் நம் வழக்குக்கு வேண்டியது அந்தப் பாஸ்போகிரியேட்டின். அதை உடைத்து ஏ.டி.பி. ஆக்கும் நொதி ஒன்று உண்டு என்று 1934-இல் லோமான் காட்டினார். கிரியேட்டின் கைனேஸ் என்பது அதன் பெயர். நலமான தசையில் அது உறைக்குள்ளேயே இருக்கும். உறை கிழிந்தால் குருதியில் கசியும். 1959-இல் ஜப்பானில் எபாஷியும் அவர் துணைவர்களும் தசைச்சிதைவு நோயாளிகளின் குருதியில் அந்த நொதி மிகுந்திருப்பதைக் கண்டனர். துஷேன் நோயுள்ள சிறுவனுக்கு அது இயல்பைவிட ஐம்பது மடங்கு, நூறு மடங்குகூட இருக்கும். பிறந்த குழந்தையிலேயே உயர்ந்திருக்கும்.

சென்னையில் படித்த மாணவர் கண்ட பொருளின் வழியே பிறந்த அந்தச் சோதனை, இன்று அம்பத்தூரின் குருதி ஆய்வகத்திலும் கிடைக்கிறது. சி.பி.கே. என்று கேட்டால் போதும். பரிகாரப் பயணத்துக்கு ஆகும் செலவில் மிகச் சிறு பகுதியே இதற்கு ஆகும். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற இரு நொதிகளும் தசையிலிருந்து கசிவதால், கல்லீரல் நோய் என்று எண்ணி மாதக்கணக்கில் மருந்து கொடுக்கப்படும் சிறுவரும் உண்டு. நடை தளர்ந்த சிறுவனுக்குச் சி.பி.கே. பார்த்தால் அந்த அலைச்சல் மிஞ்சும்.

இனி, கூண்டில் நிற்கும் தாயின் வழக்குக்கு நேராக வருவோம். 1986-இல் அமெரிக்காவில் லூயிஸ் குன்கெல் குழுவினர் நோய்க்குரிய மரபணுவை எக்ஸ் நிறப்புரியில் கண்டனர். 1987-இல் எரிக் ஹாஃப்மன் முதலியோர் அந்த மரபணு உருவாக்க வேண்டிய புரதத்தைக் கண்டு, டிஸ்ட்ரோபின் என்று பெயரிட்டனர். தசையிழையின் உட்சட்டத்தை உறையோடு இணைத்துக் கட்டும் கயிறு அது. கயிறு இல்லையேல் ஒவ்வோர் அசைவிலும் உறை கிழியும். மெரியன் நுண்ணோக்கியில் கண்டதன் காரணம் 136 ஆண்டுகளுக்குப் பின் விளங்கிற்று!

அந்த மரபணுவில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள், 79 பகுதிகள். அவ்வளவு நீண்ட நூலில் அச்சுப்பிழை நேர்வது வியப்பா? சில பகுதிகள் விடுபட்டுப் போவதே பெரும்பாலும் நோய்க்குக் காரணம். நெற்றியில் எழுதியதாகச் சொல்லப்பட்ட எழுத்தை எவரும் படித்ததில்லை. தசையில் எழுதிய எழுத்தை இன்று எழுத்தெழுத்தாகப் படிக்கிறார்கள், தமிழகத்திலேயே படிக்கிறார்கள்.

படித்தவர்கள் சொல்வதென்ன? நோயுற்ற சிறுவரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவனுக்கு அந்தப் பிழை தாயிடமிருந்து வந்ததே அன்று, புதிதாக நேர்ந்தது. மற்றவர்களில், தாய் தான் அறியாமலே பிழையைச் சுமப்பவள். அவள் மகன் ஒவ்வொருவனுக்கும் நோய் வருவதற்குப் பாதி வாய்ப்பு. மகள் ஒவ்வொருத்தியும் சுமப்பவளாவதற்குப் பாதி வாய்ப்பு. நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதில் பாவம் ஏது, புண்ணியம் ஏது? பிறந்த 5,000 ஆண்குழந்தைகளில் ஏறத்தாழ ஒருவனுக்கு, எந்நாட்டிலும் எச்சாதியிலும் இது வருகிறது. சுமப்பவள் என்று அறிந்த பெண்ணுக்கு வேண்டியது ஏச்சன்று. மரபணுச் சோதனையும் மருத்துவர் அறிவுரையும். அவளுடைய தமக்கை தங்கையருக்கும் அது வேண்டும். அவள் இதயத்தையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். சுமப்பவர் சிலருக்கு இதயத்தசை தளர்வதுண்டு.

நம் வழக்கமொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இடுப்பு, தோள் தசைகளைத் தாக்கும் வேறு சில தசைச்சிதைவு வகைகள், தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுது வந்து சேர்ந்தால் உண்டாகும். அக்காள் மகளை மணப்பது, மாமன் மகளை மணப்பது — இவை அந்தச் சேர்க்கைக்கு வழி திறக்கின்றன. துஷேன் நோய்க்கு இது காரணமன்று. அந்த வகைகளுக்குக் காரணமாகலாம். சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்பவர்கள், சொந்தத்தோடு எது வந்து சேரும் என்பதையும் எண்ணவேண்டும்.

கயிறு இல்லாததால் உறை கிழிகிறது, சரி. பிறகு தசை எப்படிச் சாகிறது? இங்கேதான் உயிர்வளியின் மறுமுகம் தெரிகிறது. பட்டறையில் பளபளக்கும் இரும்பை மழையில் போட்டால் துருவேறுகிறது. உலையை எரியவைப்பதும் உயிர்வளி. இரும்பை அரிப்பதும் உயிர்வளி. உடலிலும் அப்படியே. 1954-இல் அர்ஜென்டினா நாட்டுப் பெண் அறிவியலார் ரெபெக்கா கெர்ஷ்மன், உயிர்வளி மிகுதியால் விளையும் நஞ்சும் எக்ஸ் கதிரால் விளையும் கேடும் ஒரே வழியில், அடங்காத் துகள்களால் நேர்கின்றன என்றார். அத்துகளை அடக்கும் காவல் நொதி ஒன்று நம் குருதியிலேயே உண்டு என்று 1969-இல் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் காட்டினர். அரிப்பு, காவலை மிஞ்சும் நிலைக்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்ற பெயர் 1985-இல் நிலைபெற்றது.

தசைச்சிதைவில் நடப்பது இதுவே. கிழிந்த உறை வழியே கால்சியம் வெள்ளமாய்ப் புகுகிறது. ஏ.டி.பி. செய்யும் உலைகள் அதை உறிஞ்சித் திணறுகின்றன. வலிமைக்குப் பதில் அடங்காத் துகள்களைக் கக்குகின்றன. துகள்கள் உறையை மேலும் அரிக்கின்றன. அரித்த உறை மேலும் கால்சியத்தை விடுகிறது. இது ஒரு துன்பம். மற்றொன்றும் உண்டு. தசை உழைக்கும்போது குருதிக் குழாயை விரியச் செய்யும் நொதி ஒன்று டிஸ்ட்ரோபின் கயிற்றைப் பற்றியே தன் இடத்தில் நிற்கிறது. கயிறு போனால் அதுவும் இடம் பெயர்கிறது. உழைக்கும் தசைக்குக் கூடுதல் குருதி வரவேண்டிய வேளையில் குழாய் விரிய மறுக்கிறது. துஷேன் நோயுள்ள சிறுவர்களிடம் இக்குறை இருப்பது 2000-ஆம் ஆண்டில் காட்டப்பட்டது. ஒருபுறம், வேண்டிய உயிர்வளி வருவதில்லை; மறுபுறம், வந்த உயிர்வளி அரிக்கிறது. காலப்போக்கில் தசையிருந்த இடத்தைக் கொழுப்பும் நாரும் நிரப்புகின்றன. கெண்டைக்கால் திரண்டிருந்ததன் பொருளும் இதுவே.

அப்படியானால் அரிப்பைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் போதுமே என்று தோன்றும். அறிஞர்களுக்கும் தோன்றிற்று. வைட்டமின் ஈ இல்லாத உணவு தந்த முயலுக்குத் தசைச்சிதைவு வந்ததை 1931-இல் கண்டனர், ஆகவே நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தனர், பயனில்லை. குழாயை விரிக்கும் தடாலாஃபில் என்ற மருந்தைப் பெரிய ஆய்வில் சோதித்தனர். நடை தளர்வதை அது தடுக்கவில்லை என்று 2017-இல் அறிவித்தனர். உலைகளைக் காக்கும் என்று நம்பிய ஐடிபெனோன் மீதான ஆய்வும் 2020-இல் பயனின்மையால் நிறுத்தப்பட்டது. நம்பியதைச் சோதித்தார்கள், தோற்றதைச் சொன்னார்கள். ஆகவே, தசைக்கு வலுவூட்டும் என்று கடைவீதியில் விற்கும் தூளையும் லேகியத்தையும் வாங்கிக் கடனாளியாக வேண்டா என்று பெற்றோருக்குச் சொல்வது நம் கடமை.

பயன் தருவது எது? ஸ்டீராய்டு மருந்து வலுவிழப்பைத் தாமதப்படுத்தும் என்று 1989-இல் ஆய்வு காட்டியது. மருத்துவர் கண்காணிப்பில் இன்றும் அதுவே அடிப்படை. மரபணுப் பழுதையே அணுகும் மருந்துகள் 2016 முதல் அமெரிக்காவில் இசைவு பெற்றன. அவற்றின் விலை கோடிக்கணக்கில். 2023-இல் இசைவு பெற்ற மரபணு மருத்துவமொன்றின் பயன்பாடு, கல்லீரல் செயலிழந்து இறப்புகள் நேர்ந்ததால் 2025-இல் சுருக்கப்பட்டது. முழுக் குணம் இன்னும் கைக்கு எட்டவில்லை. எனினும் இதயத்தை முன்கூட்டியே காப்பதாலும், இரவில் மூச்சுக்கு உதவும் முகமூடிக் கருவியாலும், இருபது வயதைத் தாண்டாதவர் எனப்பட்டோர் முப்பதைத் தாண்டி வாழ்கின்றனர். ஒன்றை மட்டும் மறக்கலாகாது: மூச்சுத் தசை தளர்ந்தவனுக்கு வேண்டியது மூச்சை உந்தும் கருவி. அதை விட்டு உயிர்வளிக் குழாயை மட்டும் மூக்கில் வைத்தால், வெளியேறாத கரிவளி குருதியில் கூடித் தீங்காகலாம்.

மருந்து வரும்வரை வாழ்வு நிற்க வேண்டுமா? சேலத்தில் வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்ற சகோதரியர், தசைச்சிதைவு தம்மையே பற்றியிருந்தும், அந்நோயாளிகளுக்காக ஆதவ் அறக்கட்டளையை நிறுவினர். வானவன் மாதேவி இன்றில்லை; அவர் தொடங்கிய பணியைத் தமிழகம் அறியும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தசைச்சிதைவைப் பெயர் சொல்லியே பட்டியலில் சேர்த்தது. தமிழக அரசும் இந்நோயுற்றோருக்கு மாத உதவித்தொகை அளிக்கிறது. இரக்கமாகக் கேட்ட காலம் போய், உரிமையாகக் கேட்கும் காலம் வந்திருக்கிறது.

ஆகவே, இளந்தோழர்களே, மேம்பாலத்தடிக்குத் திரும்புவோம். சிறுவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். ஆவடியில், அம்பத்தூரில், பூவிருந்தவல்லியில் நீங்கள் நடத்தும் படிப்பகங்களில் இதைப் பேசுங்கள். தொடையில் கையூன்றி எழும் பிள்ளையைக் கண்டால், பெற்றோரைச் சந்தித்துச் சி.பி.கே. சோதனையைச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். அடையாளச் சான்றும் உதவித்தொகையும் பெற்றுக் கொடுங்கள். பள்ளியில் அவன் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். நிலையங்களில் சாய்தளமும் மின்தூக்கியும் இருக்கின்றனவா, இயங்குகின்றனவா என்று பாருங்கள், இல்லையேல் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னே, அந்தத் தாயிடம் செல்லுங்கள். "அம்மா, இது உங்கள் குற்றமன்று" என்று சொல்லுங்கள். இருநூறு ஆண்டுச் சாட்சிகள் கூடித் தந்த தீர்ப்பு அது. இன்னும் அவர் காதுக்கு அது எட்டவில்லை.